அரை மூட்டை மல்லாட்டையும் என் இருமலும்

போன வருஷம் சித்திரை மாதம், திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் மல்லாட்டை மண்டியில் நடந்தது இது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே எடை போடுகிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி. மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அந்தச் சித்திரை வரைக்கும் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் மண்டியில் காய் பார்ப்பதற்கு ஒரு பெண் இருந்தாள். இருபத்தாறு வயது. விவசாயி மூட்டையைச் சிமென்ட் களத்தில் கொட்டியதும் மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுப்பாள். ஒரு காயைக் காதோரம் வைத்து ஆட்டுவாள். காய்ந்த காய் கலகலவென்று பேசும். ஈரக் காய் ஊமையாக இருக்கும். பிறகு உரித்துப் பருப்பைப் பார்த்துத் தரம் சொல்வாள். ஈரம் பார்க்க மேஜையில் ஒரு மெஷினும் இருக்கிறது. அவள் சொன்ன பிறகு அதில் போட்டுப் பார்த்தால், அவள் சொன்னதையே அதுவும் சொல்லும்.

எங்கள் முதலாளி வாயில் அடிக்கடி வரும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஷார்ப். அவளைப் பார்த்து, "ஷார்ப்பான பொண்ணு" என்பார். என்னையும் ஒரு முறை, நான் ஒரு லாரிக்காரனைப் பிடித்துக் கத்தியபோது, "நீ ரொம்ப ஷார்ப்புய்யா, கொஞ்சம் கொறைச்சிக்க" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு இருக்கும் அதே மூளை எனக்கும் இருக்கிறது, அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது என்பது என் கணக்கு.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு பெரியவரின் காய் ஈரமாக இருந்தது. அந்தப் பெண் காயைக் கையில் எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "தண்ணி தெளிச்சி எடுத்துக்கினு வந்தியா? யாரை ஏமாத்தற?" என்று களமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். அவள் உரித்துப் பார்த்துவிட்டு, "பனியில நனைஞ்சிருக்கு அண்ணா, அவ்ளோதான்" என்றாள். அதற்குள் அந்தப் பெரியவர் காயை வாரி மூட்டையில் போட ஆரம்பித்திருந்தார். அதன் பிறகு அவர் எங்கள் மண்டிப் பக்கமே வரவில்லை. எனக்கு அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மண்டியில் ஆண்களோடு நின்று வேலை பார்க்கிற பெண், வாய் நீளமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது வரன் முகையூர் பக்கம். அவர்களும் இவர்களைப் போல வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பையன் விழுப்புரத்தில் பம்புசெட்டு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்று அவன் அவளிடம், "நீங்க காயை ஆட்டிப் பாத்தே சொல்லிடுவீங்களாமே. நானும் மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன்" என்றானாம்.

இதை அவள் மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். மூன்றாவது நாளும் ஆரம்பித்தபோது, "பாப்பா, இது எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சி" என்றேன். அவளுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரம் மண்டியில் நல்ல கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு விசாரணை."

"போலீசா?"

"இல்லிங்க. கல்யாண விசாரணை. நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அந்தக் காய் பாக்கற பொண்ணு எப்பிடிங்க?"

எனக்குப் பின்னால் பதினைந்து மூட்டை காத்திருந்தது. ஜல்தியாக முடித்து அனுப்ப வேண்டும். ஆனால் நல்லதாகவும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த வார்த்தையை எடுத்து விட்டேன்.

"ஷார்ப்பு."

"அப்பிடின்னா?"

"கத்திங்க. அவகிட்ட மாட்டினவன் தப்பிச்சதே இல்ல. இந்த மண்டியே அவளுக்கு அடக்கம். நானே அடக்கம்னா பாத்துக்கங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் உடம்பையும் மீசையையும் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது என்ற திருப்தியோடு நான் அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றினேன்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா மண்டிக்கு வந்தார். அவர் கொத்தனார் வேலை செய்பவர், சாதுவான மனுஷன். வந்தவர் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாய்யா சொன்ன நீ?"

"நல்லதுதான் சொன்னேன்."

"ஒரு முரட்டு ஆளு நிக்கறான், அவனே இந்தப் பொண்ணுக்கு நடுங்கறான்னு போயி சொல்லியிருக்காரு அந்தத் தாய்மாமன். பையனோட அம்மா வேணான்னுட்டாங்க. ஷார்ப்பான மருமவ எங்களுக்குத் தாங்காதுன்னு போன்ல சொல்லிட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்தத் தாய்மாமன் மேல், பிறகு அந்த அம்மா மேல். என் மேல் மட்டும் வரவில்லை. அந்தப் பெண் வந்து திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் காய் பார்த்துக்கொண்டே, நிமிராமல், "பரவால்ல அண்ணா. நீங்க பொய் சொல்லலியே" என்றாள். அன்றிலிருந்து மோட்டார் சத்தம் பற்றிய பேச்சு நின்றுபோனது. அதை நூறு முறை வேண்டுமானாலும் கேட்கத் தயார் என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகுதான் என் மேலும் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். விழுப்புரம் போய், அங்கிருந்து முகையூர் பஸ் பிடித்து, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கோயிலில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். பையன் எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டு, "பேரிங் போவப் போவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எனக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவன் அம்மா எதிரே உட்கார்ந்தார். நல்ல திடகாத்திரமான பெண்மணி. புருஷன் போன பிறகு தனியாக நின்று நிலத்தைப் பார்க்கிறவர்.

நான் பணிவாகத்தான் ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் என் வாய் அதன் வழியில் போய்விட்டது. "யக்கா, ஷார்ப்புன்னா அறிவுன்னு அர்த்தம். இது கூட உங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியலன்னா நான் இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். பையன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து உள்ளே போய்விட்டான்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "பாத்தியா?" என்றார். "அவன் எதிர்ல யாரு கத்தினாலும் அவனால உக்கார முடியாது. சின்ன வயசுல இருந்தே அப்பிடி. கடையில எவனாவது சத்தம் போட்டா, செஞ்ச வேலைக்குக் காசு கூட வாங்க மாட்டான். நாலு பேரு எதிர்ல அவனை ஒரு பொண்டாட்டி அதட்டினா அவன் இன்னா ஆவான், சொல்லு."

"அவ கத்தவே மாட்டாக்கா. நான்தான் கத்துவேன்."

"நீதான சொன்ன, உன்னையே அடக்கறவன்னு? உன்னை அடக்கணும்னா எவ்ளோ கத்தணும்?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசலில் அந்த அம்மா, "ஏம்பா, நீ சமாதானத்துக்கு வந்தியா, சண்டைக்கு வந்தியா?" என்று கேட்டார். விழுப்புரம் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். காலை ஒன்பது மணி இருக்கும், தராசு பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டி ஆட்டோவிலிருந்து ஒரு பெண்மணி அரை மூட்டையை இறக்கினார். பழைய சேலை, தலையில் துண்டு. நிமிர்ந்தபோது முகத்தைப் பார்த்தேன். பையனின் அம்மா.

பெண் பார்க்க வந்த அன்று காய்ச்சல் என்று அவர் வரவில்லை. தாய்மாமன்தான் கூட வந்தார். அதனால் எங்கள் மண்டிப் பெண்ணுக்கு இந்த அம்மாவைத் தெரியாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் விரலை உதட்டில் வைக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். என் வாய் மூடிக்கொண்டது.

"எந்த ஊருமா?" என்று எங்கள் பெண் கேட்டாள்.

"அனந்தபுரம். செஞ்சி வழியா வந்தேன்" என்றார் அந்த அம்மா, கண் இமைக்காமல்.

மூட்டையைக் கொட்டினார்கள். பெண் குனிந்து ஏதோ ஒரு காகிதத் துண்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். சேலைக்கு மேல் நாங்கள் எல்லோரும் போடும் மண்டிச் சட்டை அது. பிறகு மேல் காயை எடுத்து ஆட்டினாள். கலகலவென்றது. நடுக் காயை எடுத்து ஆட்டினாள். சத்தமே இல்லை.

எனக்கு வியர்த்தது. அந்த அம்மா தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டுமென்றே. இவள் இப்போது பிடிக்கப் போகிறாள். பிடித்தால், வாய் நீளமான மருமகள் என்று முடிவாகிவிடும். நான் இருமினேன். அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாக இருமினேன். கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன்.

"அண்ணா, தண்ணி குடிங்க" என்றாள் அவள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய், "யம்மா, இவங்கதான் மாப்பிள்ளையோட அம்மா" என்று கத்த நாக்கு துடித்தது. ஆனால் ஒரு முறை இவளைப் பற்றிப் பேசி என்ன ஆனது என்று நினைவு வந்தது. தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருமிக்கொண்டே நின்றேன்.

அவள் காயை உரித்தாள். பருப்பைக் கடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கத்தாமல், அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த குவியல்காரர் பத்தடி தள்ளி நின்றார், அவருக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் அதைவிடப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் கேட்டது.

"ம்மா, ஓடுதான் ஈரம். உள்ள பருப்பு நல்லா காஞ்சிருக்கு. இது காலையில தெளிச்ச தண்ணி. இவ்ளோ நல்ல காயிக்கு எதுக்குமா தண்ணி? இப்ப இது எடைக்கு ஏறாது."

"ஏழைப்பட்டவ தாயி. ஒரு தடவை உட்டுடு."

"ஏறாதும்மா. அந்தப் பக்கம் வெயிலு நல்லா இருக்கு, பரப்புங்க. மூணு மணிக்குள்ள காஞ்சிடும்."

அந்த அம்மா விடவில்லை. குரலை ஏற்றினார். "இன்னா பொண்ணு நீ? கொஞ்சம் கூட ஈரம் இல்ல. உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

அவள் கை ஒரு நொடி நின்றது. முகம் சிவந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தால் கூரை பறந்திருக்கும்.

"பாவமா இல்லையான்னு அவருதான் சொல்லணும்" என்றாள், அதே குரலில். "காயைப் பரப்பலாம் வாங்க, நானும் தள்ளி உடறேன்."

இரண்டு பேரும் சேர்ந்து பரப்பினார்கள். வெயில் ஏறியதும் தன் குடையைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தாள். மதியம் டிபன் பாக்ஸைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். முதலாளி வந்து, "இன்னா, ஒரு அரை மூட்டை தனியா காயுது?" என்று கேட்டபோது, "கொஞ்சம் ஈரம் சார், காயட்டும்" என்றாள். தெளித்த கதையைச் சொல்லவில்லை. நான் அன்று எத்தனை மூட்டையைத் தவறாக எடை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

மூன்று மணிக்கு அவள் ஒரு காயை எடுத்து ஆட்டினாள். கலகலத்தது. முதல் தரம் என்று சொன்னாள். அந்த அம்மா கிளம்பத் தயாரானபோது, சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க மூட்டையில இருந்துது. பஸ்ஸுல குடுத்த லக்கேஜ் டிக்கெட். விழுப்புரத்துல ஏறியிருக்கீங்க."

அந்த அம்மா டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"விழுப்புரத்துல இல்லாத மண்டியா?" என்றாள் அவள். "அத்தனையும் தாண்டி, அரை மூட்டையைத் தூக்கிக்கினு இங்க வந்திருக்கீங்க. நல்ல காயில தண்ணி தெளிச்சிருக்கீங்க. இந்த அண்ணா காலையில இருந்து இருமிக்கினே இருக்காரு. நீங்க காய் விக்க வரல."

"எப்ப தெரிஞ்சிது?"

"உரிச்சிப் பாத்தப்பவே."

"தெரிஞ்சுமா என்னை வெயில்ல உக்கார வெச்ச?"

"மாமியாரா இருந்தாலும் ஈரக் காய் ஈரக் காய்தானேம்மா."

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குடை கீழே விழுந்து உருண்டு ஓடியது, நான்தான் ஓடிப் பிடித்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"என் பையன் தப்பு பண்ணாலும் இப்பிடித்தான் புடிப்பியா?"

"புடிப்பேன். உட மாட்டேன்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இப்பிடித்தான். பக்கத்துல உக்காந்து."

அந்த அம்மா எழுந்து அவள் தலையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டார். எனக்கு அது போதும், முடிவு தெரிந்துவிட்டது. கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. மண்டியில் தூசிக்குப் பஞ்சமில்லை.

போகும்போது அந்த அம்மா என் தராசுப் பக்கம் வந்து நின்றார். "ஏம்பா, நீ சொன்ன வார்த்தை சரியாத்தான் இருக்குது. ஷார்ப்புதான். நீ சொன்ன விதத்துல, உன்னை மாதிரின்னு நினைச்சிட்டோம்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மண்டியில் எனக்குப் போடப்பட்ட சரியான எடை அதுதான். அந்த இங்கிலீஷ் வார்த்தை அறிவின் கூர்மைக்கும் பொருந்தும், கடுமைக்கும் பொருந்தும். அவளிடம் இரண்டுமே இருந்தன. காயிடம் கடுமை, ஆளிடம் அறிவு. என்னிடம் இருந்தது கடுமை மட்டும். அதை வைத்துக்கொண்டே இரண்டும் இருப்பதாக நினைத்து வாழ்ந்திருக்கிறேன். பனியில் நனைந்த காயோடு வந்த அந்தப் பெரியவரின் முகம் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

கல்யாணம் ஜூன் மாதம் நடந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு அவர்கள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். நானும் ஒரு ஞாயிறு வரட்டுமா என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டேன். "உன் கால்ல உழறேன், அந்த மூணு வாரம் மட்டும் வராத. கல்யாணத்தன்னிக்கு வா" என்றார். கல்யாணத்தன்று போனேன். பந்தியில் பையனின் அம்மா தானே வந்து எனக்குப் பிரியாணி வைத்தார். "இருமலு தேவலையா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் இப்போது விழுப்புரத்தில் ஒரு மண்டியில் காய் பார்க்கிறாள். எங்கள் மண்டியில் எடையோடு காய் பார்ப்பதும் என் தலையில் விழுந்திருக்கிறது. அவள் அளவுக்கு எனக்குக் காது இல்லை. மெஷினை நம்பித்தான் ஓட்டுகிறேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஒருவர் ஈரக் காயைக் கொண்டுவந்து கொட்டினார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. உடனே இருமினேன். நன்றாக இருமிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா?" என்று அவர் கேட்டார்.

எனக்கு இருக்கும் கோளாறு என்னவென்று அந்தச் சித்திரை வெயிலில்தான் எனக்குத் தெரிந்தது. ஈரக் காயைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு ஆளைத் தலை குனிய வைக்காமல் அனுப்பும் ஒவ்வொரு நாளும், அந்தக் கோளாறும் ஈரக் காய் மாதிரி கொஞ்சம் காய்ந்திருப்பதாக நம்புகிறேன்.